பீப்பாயில் ஊறிய பார்லி ஒயின்: பீடோங்கில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரிலோ லண்டனிலோ மெல்பர்னிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது அப்பாவுக்கென்று ஒரு சின்னப் போத்தல் பார்லி ஒயின் கொண்டுவருகிறார்கள். வாயில் மெழுகு, லேபிளில் ஒரு வருஷம், மூலையில் 12 விழுக்காடு, 13 விழுக்காடு என்று ஓர் எண். அப்பாவுக்கு அதை என்ன செய்வதென்று தெரியாது. அலமாரியில் சாமி படத்துக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை லாலாங், செமெலிங், சுங்கை பட்டாணி என்று இந்தப் பக்கத்தில் எங்கே போனாலும் வருவது இதே கேள்விகள்தான். பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டைத் தண்ணீர் மிச்சம். 21 வயது நிரம்பிய, முஸ்லிம் அல்லாதவர்களுக்காக எழுதியது இது.

அங்கிள், எனக்குப் பார்லி தண்ணிதான் தெரியும். இது ஒயினா, பீரா?

பீர்தான். திராட்சை இதில் ஒரு பழம்கூடக் கிடையாது. முளைகட்டி உலர்த்திய பார்லி, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் என்ற பூ, ஈஸ்ட், தண்ணீர், அவ்வளவே. சாதாரண பீருக்குப் போடுவதைவிடப் பார்லியை ஏறக்குறைய இரண்டு மடங்கு போட்டு, வரும் இனிப்புச் சாற்றை நீண்ட நேரம் கொதிக்கவைத்து வற்றவிடுவார்கள். அது நொதித்து முடியும்போது ஆல்கஹால் 8 முதல் 12 விழுக்காடு, சிலதில் அதற்கும் மேல். ஒயின் அளவுக்கு ஏறுவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சின்னப் போத்தல்தானே? ஒரே மூச்சுல அடிச்சிரலாமா?

கணக்கைப் பாருங்கள். 330 மில்லி போத்தலில் 12 விழுக்காடு என்றால் தூய ஆல்கஹால் சுமார் 40 மில்லி. கடையில் நாம் வாங்கும் 640 மில்லி பெரிய போத்தல் 5 விழுக்காட்டு பீரில் இருப்பது 32 மில்லி. பார்க்க பாதி அளவு, உள்ளே அதைவிட அதிகம். இதை நாலு பேர் பகிர்ந்து குடிப்பதுதான் முறை. ஆளுக்கு 80 மில்லி, அதுவும் ஒரு மணி நேரம் போகும். தனியாக ஒரே மூச்சில் முடிப்பதற்கு இதைவிட மலிவான வழிகள் நிறைய இருக்கின்றன.

பீப்பாயில போட்டு வைக்கிறது எதுக்கு? சும்மா விலை ஏத்துறதுக்கா?

விலையும் ஏறுகிறது, மறுக்க முடியாது. ஆனால் பீப்பாய் வேலை செய்கிறது. போர்பன் விஸ்கியை உள்பக்கம் கருக்கிய புது ஓக் மரக் கொள்கலனில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். விஸ்கி இறங்கிய பிறகு அதே பீப்பாயில் இன்னொரு முறை போர்பன் ஊற்ற முடியாது. அதனால் சுமார் 200 லிட்டர் பிடிக்கும் பழைய பீப்பாய்கள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கும். பீர் காய்ச்சுகிறவர்கள் வாங்கி, பார்லி ஒயினை நிரப்பி, பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை விட்டுவைப்பார்கள்.

மரத்திலிருந்து வெனிலா வாசம் வரும். ஓக்கில் உள்ள லாக்டோன் என்ற பொருள் தேங்காய் மணம் கொடுக்கும். கருக்கிய பக்கத்திலிருந்து லேசான புகை வாடை, கூடவே மரத்தில் ஊறியிருந்த விஸ்கி. பலகை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றும் உள்ளே போகிறது. இந்தக் காற்று விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பீரைப் போய் வருஷக்கணக்கா வைக்கலாம்னு யார் சொன்னது?

இங்கிலாந்துக்காரர்கள் சொன்னார்கள். பர்ட்டன் ஊரின் பாஸ் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் விற்ற 'நம்பர் 1' இந்த வகைக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பீர். 1968இல் டார்செஸ்டரின் எல்ட்ரிஜ் போப் ஆலை 'தாமஸ் ஹார்டி ஏல்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 25 வருஷம் தாங்கும் என்று லேபிளிலேயே போட்டார்கள், ஆனால் குளிர்ந்த இடத்தில், சுமார் 13 டிகிரியில் வைத்தால் என்ற நிபந்தனையோடு. நம் ஆட்கள் 25ஐ மட்டும் பிடித்துக்கொண்டு 13ஐ விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975இல் 'ஓல்ட் ஃபாக்ஹார்ன்' காய்ச்சியது. சியரா நெவாடா ஆலையின் 'பிக்ஃபுட்' 1983இல் வந்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து ஜே. டபிள்யூ. லீஸ் ஆலை 1986 முதல் வருஷத்துக்கு ஒரு முறை 'ஹார்வெஸ்ட் ஏல்' போடுகிறது, 11.5 விழுக்காடு. அதையே விஸ்கி, ஷெர்ரி ஒயின், போர்ட் ஒயின், கல்வடோஸ் என்ற ஆப்பிள் பிராந்தி இருந்த பீப்பாய்களில் ஊறவைத்தும் விற்கிறார்கள். பீப்பாய் ருசி என்றால் என்ன என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு நான் சொல்வது இந்த லீஸ் போத்தல்களைத்தான். ஒரே பீர், வேறு வேறு மரம், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

போத்தல்ல காலாவதி தேதியே இல்லையே, கள்ளச் சரக்கா?

ஐரோப்பிய விதிப்படி 10 விழுக்காடும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள பானத்துக்குத் தேதி போட வேண்டியதில்லை. அதனால் இல்லை. தேதி இருந்து, அது தாண்டிப் போயிருந்தாலும் வயிற்றுக்கு ஆபத்தில்லை. ஆல்கஹால், புளிப்புத்தன்மை, ஹாப்ஸ் மூன்றும் சேர்ந்த இடத்தில் நோய்க்கிருமி வளராது. கெடுவது ருசி மட்டும்தான்.

ஏன் இவ்வளவு விலை? இங்க எங்க கிடைக்கும்?

2016 மார்ச்சிலிருந்து நம் நாட்டில் பீருக்கான கலால் வரி, அதில் உள்ள ஆல்கஹால் அளவைப் பொறுத்தது. எண் கூடக் கூட வரியும் கூடும். இறக்குமதிச் செலவும் பீப்பாய்ச் செலவும் தனி. பீடோங்கில் கிடைக்காது, தேட வேண்டாம். பினாங்கில் ஜார்ஜ்டவுன் பக்கம் கிராஃப்ட் பீர் விற்கும் கடைகளில் எப்போதாவது வரும். பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினால், வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவருக்கு வரியில்லாமல் 1 லிட்டர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம்ம ஊரு வெயில்ல இதை எங்கதான் வைக்கிறது?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் சரி.

எத்தனை வருஷம் வைத்தீர்கள் என்பதைவிட எத்தனை டிகிரியில் வைத்தீர்கள் என்பதுதான் பீரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. கெடாவில் பகலில் 32, 33 டிகிரி, பிப்ரவரி, மார்ச்சில் இன்னும் மோசம். தகரக் கூரை போட்ட பழைய தோட்டத்து வீட்டுக்குள் அதற்கும் மேலே போகும். 12 டிகிரி நிலவறையில் ஏழு வருஷத்தில் நடக்கிற மாற்றம் இங்கே சமையலறை அலமாரியில் இரண்டே வருஷத்தில் நடந்துவிடும். அப்படியானால் சீக்கிரம் பழுக்கிறது, லாபம்தானே என்று ஒருவர் கேட்டார். இல்லை. எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. நல்ல வாசம் கட்டிச் சேருமுன் பழைய காகித வாடை முந்திக்கொள்கிறது.

ஒயினுக்கென்று விற்கிற சின்னக் குளிர்பெட்டியை வாங்கி 12, 13 டிகிரியில் வையுங்கள். அதற்கு வசதியில்லை என்றால் நேரே ஐஸ்பெட்டி. 4 டிகிரியில் முதிர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும், ஆனால் கெடாது. மாடிப்படிக்குக் கீழே உள்ள ஸ்டோர் ரூம் சில மாதங்களுக்குத் தாங்கும், வருஷங்களுக்குத் தாங்காது. ராத்திரி மட்டும் ஏர்கோன் போடுகிற அறை எல்லாவற்றையும்விட மோசமான யோசனை. தினமும் ஏறி இறங்குகிற வெப்பத்தில் மூடியின் பிடிப்புத் தளரும்.

படுக்க வைக்கணுமா, நிக்க வைக்கணுமா?

நிற்க வையுங்கள். ஈஸ்ட் மண்டி அடியில் படியும், காற்றோடு படும் பரப்பும் குறையும். வெளிச்சம் கூடாது. பழுப்புக் கண்ணாடி கொஞ்சம் தடுக்கும், முழுக்கத் தடுக்காது. சூரிய ஒளி பட்ட ஹாப்ஸிலிருந்து வருகிற நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

சரி, நாளைக்குத் திறக்கப் போறோம். என்ன செய்யணும் அண்ணே?

முந்தின நாளே போத்தலை ஐஸ்பெட்டியில் நிற்க வையுங்கள். திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் 12 முதல் 15 டிகிரிக்கு வந்துவிடும், ஏனென்றால் நம் வீட்டுச் சூடு ஐரோப்பாக்காரன் வீட்டுச் சூடு அல்ல. அங்கே எழுதின குறிப்பில் இரண்டு மணி நேரம் வெளியே வை என்று இருந்தால் இங்கே அப்படியே பின்பற்றாதீர்கள். ஐஸ் கட்டி போடவே கூடாது.

மெழுகை நெருப்பில் காட்டி உருக்க வேண்டாம். மூடியின் விளிம்புக்குக் கீழே கத்தியால் ஒரு சுற்றுக் கீறிவிட்டு, திறப்பானை மெழுகின் மேலேயே வைத்து நெம்பினால் மூடியோடு வந்துவிடும். உதிர்ந்த துணுக்கைத் துணியால் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். பிராந்தி கிளாஸ் இருந்தால் நல்லது. அடி அகன்று வாய் குறுகிய எந்தக் கிளாஸும் போதும். சாய்த்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையைப் போத்தலிலேயே விட்டுவிடுங்கள். ஊற்றி ஊற்றி நிறுத்தினால் மண்டி கலங்கிவிடும்.

ருசி பாக்கிறதுன்னா என்னத்தைப் பாக்கிறது? குடிச்சா சரக்கு வாடைதானே வருது?

முதல் ஐந்து நிமிஷத்துக்கு அப்படித்தான். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைத்தால் ஆல்கஹால் குத்தும், வேறொன்றும் தெரியாது. கிளாஸைத் தாடைக்கு நேரே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு முகர்ந்து பாருங்கள்.

ஏழு வருஷம் குளிரில் இருந்த ஒரு போர்பன் பீப்பாய்ப் போத்தலை, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கிராணி ஐயாவோடு திறந்தேன். நுரை வந்த வேகத்தில் அடங்கியது. நிறம் கருஞ்சிவப்பு, விளிம்பில் மட்டும் துருப்பிடித்த ஆரஞ்சு. முதலில் வெனிலாவும் தேங்காயும் வந்தன, அது பீப்பாய். பத்து நிமிஷம் கழித்து உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், ஷெர்ரி. அது வயது, அதாவது மெல்லப் போன காற்று செய்த வேலை. ஐயா அதுவரை ஒன்றும் பேசவில்லை. கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "தீபாவளிக்கு டோடோல் கிண்டுவாங்களே, அது சட்டியில அடிப்பிடிக்கிறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வர்ற வாசம்" என்றார். நான் தேடிக்கொண்டிருந்த சொல்லை அவர் பிடித்துவிட்டார். வெல்லம் கருகப் போகிற அந்த வாசம்தான் முளைகட்டிய பார்லியின் சாற்றை நெடுநேரம் கொதிக்கவைத்ததன் அடையாளம்.

வாயில் வைத்ததும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். இனிப்பு முதலில் வந்து பின்னால் விலகுகிறதா, அல்லது பாகு மாதிரி நாக்கிலேயே கிடக்கிறதா? கசப்பு இன்னும் இருக்கிறதா? ஹாப்ஸ் கசப்பு வருஷங்களில் கரையும், அது போனால் இனிப்பைத் தாங்க ஆளில்லை. விழுங்கிய பிறகு நெஞ்சு இதமாகச் சூடாகிறதா, தொண்டை எரிகிறதா? புதுப் போத்தல் எரிக்கும், நன்றாக வைத்த பழையது சூடாக்கும். அதற்கு மேல் இருபது வாசனைப் பெயர் சொல்கிறவர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

கேஸே இல்லை, தட்டையா இருக்கு. செத்துப் போச்சா?

பெரும்பாலும் இல்லை. இந்த வகையில் கேஸ் முதலிலிருந்தே குறைவு. பீப்பாயில் இருக்கும்போது இருந்ததும் போய்விடும், அத்தனை ஆல்கஹாலில் ஈஸ்ட் களைத்துப்போய் மறுபடி கேஸ் உண்டாக்கத் திணறும். சிலர் வேண்டுமென்றே ஏறக்குறையக் கேஸ் இல்லாமல்தான் அடைக்கிறார்கள். பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறான சமயத்தில்தான்: திறந்ததும் குபுகுபுவென்று பொங்கி, வாயில் புளித்தால் மரத்திலிருந்த பாக்டீரியாவோ காட்டு ஈஸ்டோ உள்ளே புகுந்திருக்கிறது.

ஷெர்ரி வாசமும் காத்து பட்டதால வருது, காகித வாடையும் காத்து பட்டதால வருதுன்னா, எது நல்லது எது கெட்டதுன்னு எப்படிப் பிரிக்கிறது?

நல்ல கேள்வி, கஷ்டமான கேள்வியும்கூட. இரண்டும் ஆக்சிஜன் பிள்ளைகள்தான். காகித வாடைக்குக் காரணம் இரண்டு-நோனினால் என்ற ஆல்டிஹைடு. நனைந்த அட்டைப்பெட்டியை முகர்ந்தால் எப்படி இருக்கும், அதுதான். நல்ல முதிர்ச்சியில் வாசம் பழத்தின் பக்கமும் கொட்டைகளின் பக்கமும் போகும். விழுங்கிய பிறகு அது நீளும். கெட்டதில் வாசம் மந்தமாகி, ருசி நடுவில் அறுந்துபோகும், நாக்கில் வறட்சி மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. கிச்சாப் வாடை, அதாவது சோயா சாஸ் வாடை. அடியில் கிடந்த ஈஸ்ட் செத்துக் கரைந்தால் வருவது. கொஞ்சமாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். இரண்டாவது வாய்க்கும் அதுதான் முன்னால் நிற்கிறதென்றால் அந்தப் போத்தலின் காலம் முடிந்துவிட்டது.

அப்போ பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் வச்சா இன்னும் அருமையா இருக்குமா?

என் அபிப்பிராயம்: பீப்பாயில் ஊறியதை அவ்வளவு காலம் வைக்காதீர்கள். மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்ன காற்று இங்கேதான் வருகிறது. பீப்பாய்ச் சரக்கு போத்தலுக்குள் போகும்போதே ஒரு கட்டம் முதிர்ந்துதான் போகிறது. விஸ்கி, வெனிலா வாசங்கள் முதலில் மங்கும், மரத்தின் துவர்ப்பு மட்டும் தங்கும். குளிரில் வைத்திருந்தால் மூன்றிலிருந்து ஏழு வருஷத்துக்குள் திறப்பதே எனக்குப் பிடிக்கும். பீப்பாய் காணாத, கசப்பு நிறைந்த இங்கிலீஷ் வகை அதைவிட நீண்ட ஓட்டக்காரன்.

பழையது என்பதாலேயே நல்லது என்று தலையாட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. லேபிளில் உள்ள வருஷத்தை மறைத்துவிட்டுக் கொடுத்துப் பாருங்கள், பாதிப் பேர் மூன்று வருஷத்ததைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

ஒரே பீர், ரெண்டு வருஷத்துப் போத்தல் இருக்கு. எதை முதல்ல திறக்கலாம்?

இளசிலிருந்து பழசுக்குப் போவது பலருடைய வழக்கம். நான் மாற்றிச் செய்கிறேன். பழையது குரல் அடங்கியது, இளசின் எரிச்சலுக்குப் பிறகு அது காதில் விழாது. நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்.

கூட என்ன சாப்பிடலாம்? ஆட்டுக்கறி பிரட்டல் இருக்கே!

பிரட்டலை முதலில் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, அரை மணி நேரம் விட்டு இதைத் திறங்கள். நம் வாயில் சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் உணர்வது ஒரே வகை நரம்பு ஏற்பி. ஆல்கஹால் அதையே இன்னும் கூர்மையாக்குகிறது. 12 விழுக்காடும் காரமும் சேர்ந்தால் எரிச்சலைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. இங்கிலாந்தில் ஸ்டில்டன் என்ற நீலச் சீஸோடு சாப்பிடுவார்கள். நமக்கு டோடோல் ஒரு துண்டு, வறுத்த கச்சான், அல்லது கிறிஸ்துமஸ் பழக் கேக். முறுக்கும் சேரும், சீரகம் தூக்கலாக இல்லாவிட்டால்.

எனக்கு இனிப்பு நீர் இருக்கு. ஒரு வாய் பரவாயில்லையா?

இதில் நொதிக்காத சர்க்கரை சாதாரண பீரைவிட நிறைய மிஞ்சியிருக்கும். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவருக்கு ஆல்கஹால் சில மணி நேரம் கழித்துச் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கவும் செய்யும். கிளினிக்கில் அடுத்த முறை மருந்து எடுக்கப் போகும்போது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். என்னிடம் அல்ல.

ஆளுக்கு 80 மில்லிதானே, மோட்டார் ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிரலாம்ல?

2020 அக்டோபரிலிருந்து, ஓட்டுகிறவருக்கான ஆல்கஹால் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம், முன்பு 80. மூச்சில் 35 மைக்ரோகிராம் இருந்தது 22 ஆனது. முதல் முறை மாட்டினாலே 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, லைசென்ஸும் போகும். என் வீட்டில் ருசி பார்க்க வருபவர் நடந்து வரவேண்டும், இல்லை யாராவது வந்து ஏற்றிப் போகவேண்டும்.

கள்ளாலயும் சம்சுவாலயும் நம்ம ஜனங்க அழிஞ்சது போதாதா? நீங்க வேற இதைப் பெருமையா பேசிக்கிட்டு...

இதைக் கேட்டவர் ஒரு அக்கா, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்குக் கேட்க உரிமை உண்டு. நிர்வாகம் கொடுத்த கூலி நிர்வாகத்தின் நிலத்திலேயே இருந்த கள்ளுக்கடைக்குப் போன காலம் அது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடச் சொன்னதும் ஒன்று. 1947இல் இதே பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கு எதிராக நின்றது. அதற்காக அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வெளிநாட்டிலிருந்து போத்தல் கொண்டுவருகிறார்கள்.

விலை உயர்ந்ததென்பதால் இது வேறு ஜாதி ஆல்கஹால் ஆகிவிடாது. இரண்டாவது கேள்வியில் போட்ட கணக்கு ஈரலுக்கும் அதே கணக்குதான். குடியை விட்டவரோ, விட முயல்பவரோ இருக்கிற வீட்டுக்குள் இந்தப் போத்தலைக் கொண்டுபோகாதீர்கள், காட்சிக்குக்கூட. அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை.

பாதிப் போத்தல் மிஞ்சிப் போச்சு. கீழ ஊத்திரவா?

வேண்டாம். இறுக்கமான ரப்பர் அடைப்பான் போட்டு ஐஸ்பெட்டியில் நிற்க வைத்தால் மறுநாளும் நன்றாக இருக்கும். கேஸ் ஏற்கெனவே குறைவு என்பதால் இழக்கவும் அதிகமில்லை. சில போத்தல்கள் மறுநாள்தான் வாய் திறக்கின்றன. மூன்று நாளைத் தாண்டினால் உலர்ந்த திராட்சையை அதில் ஊறவைத்துப் பழக் கேக்குக்குப் போடலாம். காகித வாடை அடித்ததை அதற்கும் பயன்படுத்தாதீர்கள், கேக்கிலும் தெரியும். கேக்கில் ஆல்கஹால் இருப்பதைத் தட்டின் மேலேயே எழுதி வையுங்கள், அக்கம்பக்கத்து முஸ்லிம் வீடுகளுக்குப் பலகாரம் போகிற தட்டோடு அது கலந்துவிடக் கூடாது.